தறிக்காரர் விட்டுப்போன கோணி ஊசி

என்னுடைய பழைய லாரியில், டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே, கூரையில் ஒட்டியிருக்கும் ரெக்சினில் ஒரு கோணி ஊசி குத்தியிருக்கிறது. நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். நுனி லேசாக வளைந்திருக்கும். அதன் காதில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் இழை கோத்தது கோத்தபடியே தொங்குகிறது. அரிசிச் சாக்கிலிருந்து உருவிய இழை அது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஆடும். இந்த வண்டிக்கு இரண்டு முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது, சீட்டு மாற்றியாகிவிட்டது, கூரை ரெக்சினே கிழிந்து வேறு ஒட்டியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஊசியை நானே பிடுங்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நானே குத்தினேன். புதிதாக வரும் டிரைவர்கள் திருஷ்டிக்கா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் எதிரில் நிற்பவன் யார் என்று பார்க்க மாட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டை மேய்த்தேன். களம்பூர் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு கையகல நிலம் கிடையாது. என் அப்பா அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்தார், நான் அந்த நெல் போய்ச் சேர்ந்த ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினேன். தூக்கித் தூக்கிக் கழுத்தில் காய்த்துப்போன தழும்பு இன்னும் இருக்கிறது, வேண்டுமானால் வந்து தொட்டுப் பார்க்கலாம். மூட்டை ஏற்றிய லாரியையே ஓட்டக் கற்றேன். நாற்பதாவது வயதில் ஒரு லாரிக்கு முதலாளி ஆனேன். இன்று நான்கு லாரிகள். ஆரணியில் பட்டுக்கடைகள் இருக்கும் குறுகலான தெருவில் பத்துச் சக்கர வண்டியை ரிவர்ஸிலேயே கொண்டுபோய், யார் வீட்டுப் படியையும் உரசாமல் வெளியே எடுத்தவன் நான் ஒருவன்தான். அன்று வேடிக்கை பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பேங்க்கில் போய் நின்றால் மேனேஜர் எழுந்து கை கொடுக்கிறார். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் என்னை ‘ஓனர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பெருமைதான், ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? ஒரே ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போது மட்டும் செருப்பைக் கழற்றி அடித்த மாதிரி இருக்கும்.

அவரைத்தான் இங்கே எழுத வந்தேன். லாரிக்காரர்கள் எல்லோரும் அவரைத் தறிக்காரர் என்பார்கள். ஆரணியிலேயே பட்டு நெய்கிற குடும்பம். அண்ணன் தம்பி எல்லோரும் தறியில் உட்கார, இவர் மட்டும் எழுந்து வந்துவிட்டார். ஏன் வந்தீர் என்று முதல் நாள் கேட்டேன். “தறிக் குழிக்குள்ள கால விட்டுகினு அதே செவுத்த எத்தினி வருசம்பா பாக்கறது? இங்க கண்ணாடி முழுக்க ரோடு” என்றார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் முதலாளி, அவர் டிரைவர் என்பதெல்லாம் காகிதத்தில்தான். வண்டியில் ஆளுக்குப் பாதி தூரம் ஓட்டினோம், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். அவர் என்னை “இன்னாபா” என்பார். கோபம் வந்தால் “யோவ்” என்பார். ஏழு வருடம் அப்படி ஓடியது. அந்த ஏழு வருடத்தில் அவர் ஆரன் அடித்த நேரத்தைக் கூட்டினால் நான் ஒரு நாளில் அடிக்கிற அளவுக்கு வராது.

லாரி ஓட்டுவதில் ஓட்டுவது கஷ்டமே இல்லை என்று நான் சொன்னால் வெளியாட்களுக்குப் புரியாது. ரோட்டில் போய்க்கொண்டிருக்கிற வரைக்கும் டிரைவர் ராஜா. வண்டி நின்ற இடத்தில்தான் அவன் நாய். களம்பூரில் அரிசியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் அரை மணிக்கு ஒரு போன், எங்கே வருகிறாய், ஏன் இன்னும் வரவில்லை என்று. பதறிக்கொண்டு போய் நின்றால், கிடங்கு கேட்டில் வாட்ச்மேன் டோக்கன் கொடுத்து ஓரமாகப் போடு என்பான். அந்த ஓரத்தில் நிழல் இருக்காது, தண்ணீர் இருக்காது. காலையில் போட்ட வண்டி மறுநாள் காலையிலும் அங்கேயே நிற்கும். அரை மணிக்கு ஒரு போன் போட்டவன் இப்போது நம் போனை எடுக்க மாட்டான். உள்ளே ஆபீசுக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கும். அதன் கதவிலேயே டிரைவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். இருபது டன் அரிசியை நம்பி என் கையில் கொடுக்கிறவன், ஒரு கழிப்பறையை நம்பிக் கொடுக்க மாட்டான். மூட்டை இறக்கி முடித்தால் சீல் வைக்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பான். அந்த உருண்டை ரப்பர் சீல் ரசீதில் விழாமல் வண்டி கேட்டைத் தாண்ட முடியாது. அந்தச் சீலுக்காக நான் காத்திருந்த நாட்களை எனக்குத் திருப்பித் தந்தால் இன்னொரு முறை பிறந்து வளர்ந்து ஐந்தாம் வகுப்பை ஒழுங்காகப் படித்திருப்பேன்.

இதில் கிழிந்த மூட்டை என்பது தனிப் பேஜார். ஒரு சிப்பத்தில், அதாவது ஒரு மூட்டையில், விரல் நுழைகிற அளவு ஓட்டை இருந்தாலும் கிடங்கில் இறக்க விட மாட்டார்கள். அந்த ஒரு சிப்பத்துக்காக முழு லோடையும் நிறுத்தி வைத்து, மில்லுக்குப் போன் போட்டு, மில்காரர் தரகருக்குப் போட்டு, தரகர் திரும்ப இவர்களுக்குப் போட்டு, இப்படியே ஒருமுறை எங்களை இரண்டு நாள் வெயிலில் காய வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் தறிக்காரர் கோணி ஊசியைக் கையில் எடுத்தார். மற்ற டிரைவர்களும் ஊசி வைத்திருப்பார்கள், சணலால் குறுக்கும் நெடுக்கும் நாலு இழுப்பு இழுத்து முடித்துவிடுவார்கள். அது தையல் என்று அரை மைல் தூரத்திலிருந்தே தெரியும். இவர் அப்படிச் செய்ய மாட்டார். “சாக்கும் நெசவுதானேபா. நெடுக்க பாவு இருக்குது, குறுக்க ஊடை இருக்குது” என்பார். ஒரு காலிச் சாக்கிலிருந்து பட்டையான பிளாஸ்டிக் இழைகளை உருவி எடுத்து, கிழிசலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒன்று மேலே ஒன்று கீழே என்று நுழைத்து, அச்சடித்த எழுத்து வருகிற இடத்தில் அந்த நிறத்து இழையையே தேடி எடுத்து, முடித்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். எங்கே கிழிந்தது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. பொழுதுபோகாமல் நிற்கும்போது மற்ற லாரி டிரைவர்களைக் கூப்பிட்டு, எங்கே தைத்திருக்கிறது கண்டுபிடி என்று நான் பந்தயம் கட்டுவேன். ஒருவனும் கண்டுபிடித்ததில்லை. என்னமோ நானே நெய்த மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

அவரோடு போன அந்த ஒரு நடை லோடு எனக்கு மறக்காது. வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை என் மகளுக்கு ஆரணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு வந்தவாசி. மண்டபம் பிடித்து, சமையலுக்கு ஆள் சொல்லி, எல்லாம் ஆயிற்று. நிச்சயப் புடவை தறிக்காரர் வீட்டுத் தறியிலேயே நெய்தது. நிறத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார், மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. அந்த வாரம் நான் லோடுக்குப் போயிருக்கவே வேண்டாம். மில்காரர் அவசரம் என்றார், என்னை விட்டால் யார் உண்டு என்று என் வாயே சொல்லிவிட்டது. சென்னைக்கு வடக்கே ஒரு கிடங்கு. காலையில் இறக்கிவிட்டு மதியத்துக்குள் திரும்பினால் சாயங்காலம் வீடு.

பாதி வழியில் ஒரு செக்கிங் ஜீப் மறித்தது. அரிசி வண்டி என்றாலே மறிப்பார்கள். ரேஷன் அரிசியை வேறு சாக்கில் மாற்றிக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை. எங்களிடம் பில் இருந்தது, மில் ரசீது இருந்தது. சாக்கைக் குத்திப் பார்க்க அதற்கென்று ஒரு கம்பி உண்டு, நாலு அரிசி உள்ளங்கையில் விழும், அவ்வளவுதான். ஆனால் அன்று வந்த ஆளிடம் அந்தக் கம்பி இல்லை. பேனாக்கத்தி இருந்தது. தார்ப்பாயை விலக்கச் சொல்லி, பின்பக்கத்து மூன்று சிப்பங்களில் கோடு கிழித்தார். அரிசி அருவி மாதிரிக் கொட்டியது. ஒரு கையளவு எடுத்துப் பார்த்து, நல்ல அரிசிதான், போ என்றார். கீழே கிடந்த அரிசியை ரோட்டோர ஆடுகள் வந்து மேய்ந்தன. அறுத்ததற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று தறிக்காரர் கேட்டார். “எழுதணும்னா ஐயா வரணும். ஓரங்கட்டிட்டு நில்லு” என்றார் அந்த ஆள். தறிக்காரர் நிற்கலாம் என்றார். நான்தான் “இன்னைக்கு போய் நிக்கறதா? வண்டிய எடு” என்று கத்தினேன்.

கொஞ்ச தூரம் போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, அவர் ஊசியை எடுத்தார். முதல் சிப்பத்தைத் தைக்கும் முன்பே சொன்னார்.

“யோவ், இதுல ஒரு படி அரிசி போயிருக்கும்யா. சணல்லயே தெரியற மாதிரி தைக்கறன். போனவொடனே இன்ன மாதிரி அறுத்துட்டாங்கன்னு சொல்லிடலாம்.”

“சொன்னா மூட்டைய தள்ளி வெப்பான், லோடு நிக்கும். நாளைக்கு நிச்சியத்த வெச்சிகினு நான் அங்க உக்காந்துகினு இருக்கறதா? தெரியக்கூடாது தறிக்காரரே. கம்முனு உம்ம நெசவ காட்டும்.”

“எட போட்டாங்கன்னா?”

“அவன் இன்னா ஒவ்வொரு மூட்டையுமா எட போடறான்? ஜல்தியா முடி.”

என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். அன்று தைத்த மாதிரி அவர் என்றைக்கும் தைத்ததில்லை. முடித்ததும் அந்த மூன்று சிப்பத்தையும் என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

கிடங்கில் அன்று எல்லா மூட்டையையும் எடை போட்டார்கள். புது ஏற்பாடாம். சிப்பம் ஒவ்வொன்றும் ஒரு எடைமேடைமேல் போய் நின்று, பச்சை விளக்கு எரிந்து நகர்ந்தது. எங்கள் மூன்றுக்கும் சிவப்பு எரிந்தது. சூப்பர்வைசர் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கழுத்தில் அட்டை தொங்கியது. மூன்றையும் தரையில் படுக்க வைத்துப் புரட்டினார். வாய் தையல் பிரியவில்லை, கிழிசல் இல்லை, எடை மட்டும் இல்லை. நான் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தறிக்காரர் முன்னால் போய், குந்தி உட்கார்ந்து, விரலால் காட்டினார்.

“இதோ சார், இங்க. வழியில செக்கிங்ல அறுத்துட்டாங்க. நான்தான் இழை கோத்தேன்.”

சூப்பர்வைசர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இழை அசையவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“கீழ கொட்டுன அரிசி எங்க?”

“ஆடு தின்னுடுச்சு சார்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“இவ்ளோ சுத்தமா பண்ணியிருக்கீங்களே, எத்தனை வருஷமா இந்தத் தொழில்?”

அவர் எதைக் கேட்கிறார் என்பது தறிக்காரருக்குப் புரியவில்லை. முகம் மலர்ந்து, “சின்ன வயசுலேர்ந்து சார். நாங்க பரம்பரையா நெசவுக்காரங்க” என்றார்.

அன்று எழுந்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. மூட்டை இறக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் மூட்டை தூக்கியவன். என் இனம் அது. அவர்களும் சிரித்தார்கள். தறிக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

சூப்பர்வைசர் என்னைத் தனியாக ஆபீசுக்கு அழைத்துப் போனார். மேசைமேல் ஒரு காகிதம், இங்கிலீஷில். எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதியிருந்தது என்றே தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். பல பேரிடம் அப்படித்தான் சொல்லியும் இருக்கிறேன். அது பொய். அந்த ஆள் தமிழிலேயே சொன்னார். “உங்க டிரைவர் மூட்டையப் பிரிச்சு அரிசி எடுத்துட்டு மறைச்சுத் தைச்சிருக்காருன்னு எழுதியிருக்கேன். ஓனர் நீங்க கையெழுத்து போட்டா வண்டிய விட்டுடுவேன், உங்க மேல ஒண்ணும் வராது. இல்லன்னா நிக்கட்டும், நாளைக்கு எங்க மேனேஜர் வந்து பாப்பாரு.”

நாளைக்கு என்ற அந்த ஒரு சொல்தான். நான் தைக்கச் சொன்னேன் என்று சொல்லவில்லை. தெரியக்கூடாது என்று நான்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை. ஏழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், ஒரு பிடி அரிசி எடுத்து வாயில் போட்டுக்கூட நான் பார்த்ததில்லை என்று சொல்லவில்லை. வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, எனக்குத் தெரிந்த ஒரே அழகான எழுத்தில் போட்டேன். கண்ணாடிக்கு வெளியே தறிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சீல் விழுந்தது. அவருடைய லைசென்ஸை ஒரு நகல் எடுத்து, அவரைச் சுவர் ஓரம் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு விட்டார்கள். அவர் கையிலிருந்து வாங்கி வைத்திருந்த கோணி ஊசியை ரசீதோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார் சூப்பர்வைசர். “இத வெச்சிக்கங்க, அடுத்த லோடுக்கு உதவும்” என்றார். வாங்கிக்கொண்டுபோய் வண்டியில் சீட்டுக்கு அடியில் போட்டேன்.

திரும்பும் வழி முழுக்க அவர்தான் ஓட்டினார். மறுநாள் நிச்சயதார்த்தம் ஊரே பேசுகிற மாதிரி நடந்தது. ஐந்து வகைக் கூட்டு, இரண்டு பாயசம். என் மகள் அந்த மாம்பழ மஞ்சள் புடவையில் வந்து நின்றபோது சம்பந்தி அம்மாள் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். யார் வீட்டுத் தறி என்று கேட்டார். எங்கள் டிரைவர் வீட்டுத் தறி என்றேன். அவரைக் கூப்பிடுங்கள், பார்க்கலாம் என்றார். அவர் வரவில்லை.

வெறும் காகிதம்தானே, எங்கோ ஒரு அலமாரியில் கிடந்து கரையான் தின்னும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு கிடங்கு, வேறு ஊர். கேட்டில் வாட்ச்மேன் போனைப் பார்த்தான், தறிக்காரர் முகத்தைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். “இவரு இறங்கிக்கட்டும். இவரை உள்ள விடக்கூடாதுன்னு வந்திருக்குது” என்றான். அந்தப் போட்டோ கிடங்கு கிடங்காகப் போயிருந்தது. சுவர் ஓரத்தில் நிற்கும் படம், கீழே பெயர், கீழே லைசென்ஸ் நம்பர். தறிக்காரர் அதை வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வண்டியில் ஏறி லுங்கியையும் துண்டையும் பையில் திணித்தார். சீட்டுக்கு அடியில் கிடந்த கோணி ஊசியை எடுத்தார், புளியமரத்தடியில் மிச்சமான இழை அதிலேயே இருந்தது. ஊசியை டாஷ்போர்டில் வைத்தார், பக்கத்தில் சாவியை வைத்தார்.

“இரும், நான் பேசறன்” என்றேன்.

“பேச வேண்டிய எடத்துல பேசலயே. வரேன் ஓனர்” என்றார்.

ஏழு வருடத்தில் முதல் முறை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். பஸ் நிற்கிற இடம் எங்கே என்று அந்த வாட்ச்மேனிடமே விசாரித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவரை எந்த லாரி முதலாளியும் எடுக்கவில்லை, எடுத்தாலும் எந்தக் கேட்டும் விடாது. இப்போது ஆரணிக்குள்ளேயே ஒரு சின்ன லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சுற்றிய பாவு, சாயம் போட்ட பட்டு, இதைக் கடையிலிருந்து நெசவாளர் வீட்டுக்கும் வீட்டிலிருந்து கடைக்கும் ஏற்றி இறக்குகிறார். அங்கே கேட் கிடையாது, சீல் கிடையாது. எதிரில் பார்த்தால் ஆட்டோவை ஓரம் கட்டி எனக்கு வழி விடுவார். “நல்லா இருக்கீங்களா ஓனர்?” என்பார். ஒரு ‘இன்னாபா’ வராதா என்று நான் இந்த ஊர்த் தெருக்களில் வேண்டுமென்றே அவர் எதிரில் எத்தனை முறை போயிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போன மாதம் என் டிரைவர் ஒருவர் ஒரு கிடங்கிலிருந்து போன் செய்தார். போளூர்க்காரர், பயந்த சுபாவம். நாலு மூட்டை எடை குறைகிறதாம், டிரைவர்தான் எடுத்தார் என்று கையெழுத்துக் கேட்கிறார்களாம். நான் பஸ் பிடித்துப் போனேன். அதே மாதிரி ஆபீஸ், அதே மாதிரிக் கழுத்தில் அட்டை, அதே மாதிரி இங்கிலீஷ் காகிதம். “எட கொறவுன்னு எழுது, போடறன். இவர் எடுத்தாருன்னு எழுதினா போட மாட்டேன்” என்றேன். அப்படியானால் வண்டி வெளியே போகாது என்றார்கள். “போவாட்டி போவட்டும். நானும் இங்கயேதான் இருப்பன்” என்று சொல்லிவிட்டு, இறக்குமேடையை ஒட்டி நின்ற என் வண்டியின் படியில் போய் உட்கார்ந்தேன். பின்னால் மற்ற லாரிகள் வந்து வரிசை கட்டின. ஒன்று, மூன்று, எட்டு. ஆரன் அடிக்க ஆரம்பித்தார்கள். மேடை காலியானால்தான் அடுத்த வண்டி இறக்க முடியும். உள்ளேயிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாலு மணி நேரம். காகிதத்தை மாற்றி எழுதி, சீல் வைத்து, அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவுதானா? நாலு மணி நேரம் ஒரு படியில் உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதானா? தறிக்காரரை விட்டுக்கொடுத்த அன்றும் என் வண்டி இறக்குமேடையில்தான் நின்றது. அன்றும் எனக்குப் பின்னால் வரிசை இருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் நிச்சயதார்த்தம். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாலும் வந்து சேர்ந்திருப்பேன். நான் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரைத் திட்டினேன், கத்தி வைத்திருந்த ஆளைத் திட்டினேன், சிரித்தவர்களைத் திட்டினேன், இத்தனை வருடம் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்ட வேண்டிய முக்கியமான ஆளை மட்டும் எல்லோரும் ஓனர் என்று கூப்பிட விட்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் கூரையிலிருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். ஆட்டோவில் பாவு ஏற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தைக்கச் சொன்னது நான்தான் என்று அந்தக் கிடங்குக்கே போய் எழுதிக் கொடுக்கிறேன், அந்தப் போட்டோவை அழிக்கச் சொல்கிறேன் என்றேன். நாலு மணி நேரம் நான் அசையவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் பழைய பெருமை கொஞ்சம் வந்துவிட்டதை நானே கேட்டேன். அவர் பாவை நழுவாமல் கயிறு போட்டுக் கட்டி முடித்தார்.

“எழுதிக் குடுங்க ஓனர், நல்லதுதான். இந்த வயசுல நான் எந்த கேட்டுக்கு போவப் போறன்?” என்றார். கட்டிய கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “அந்த போளூர் டிரைவரு குடுத்து வெச்சவரு” என்றார்.

ஊசியை நீட்டினேன். வாங்கவில்லை. வெயிலில் ஒரு முறை சாய்த்துப் பார்த்துவிட்டு, என் விரல்களை மடக்கி என் கையிலேயே விட்டார்.

“அது வண்டி சாமான் ஓனர். வண்டியிலயே இருக்கட்டும்.”

கிடங்குக்குப் போனேன். அந்தச் சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகிவிட்டதாம், அந்தக் காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதிக் கொடுத்ததை வாங்கி ஒரு சீல் குத்திக் கொடுத்தார்கள். போட்டோ எந்தெந்தப் போனில் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. ஊசி மறுபடியும் பழைய லாரியின் கூரையில் இருக்கிறது. நேற்று அந்த வண்டியை நானே களம்பூருக்கு ஓட்டிப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டி குலுங்கி, அந்த ஒரு சாண் இழை என் நெற்றியில் பட்டுப் பட்டு ஆடியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த புது டிரைவர், திருஷ்டிக்கா ஓனர் என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.